முற்றம் வரைக்கும் ஒரு வழி

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருஷம் எழுதாமலே இருந்தேன். எனக்குப் படிப்பு குறைவு. நாலாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு மலையாளத்தில் ஏழு வரை, அதோடு தீர்ந்தது. தமிழில் எழுத உட்கார்ந்தால் நடுவில் மலையாள எழுத்து வந்து விழும். அதை விடவும் பெரிய தயக்கம், இது என் மனைவியின் காரியம் என்பது. அவளுடைய உடம்பு தளர்ந்ததை ஊரெல்லாம் படிக்கும்படி எழுதுவது சரியா என்று மனம் இடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாள் முன்பு அவளே சொன்னாள். "எழுதுங்க. நம்மளப்போல இடவழிக்குள்ள கெடக்கிய ஆளுவ வேற இடத்திலயும் உண்டு இல்லியா? அவியளுக்கு ஒதவட்டு." அம்மனை நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் வீடு நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகிற பக்கத்தில், நகரசபை எல்லை முடிகிற ஓரத்தில் இருக்கிறது. எங்கள் வாழைத்தோட்டத்தை அடுத்த தோடு என்கிற சிற்றோடையைத் தாண்டினால் அந்தப் பக்கம் பஞ்சாயத்து. பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு வர ஓர் இடவழி உண்டு. இரண்டு பக்கமும் மண்ணால் எழுப்பிய எல்லைக் கையாலை. குடை விரித்து ஒருவர் வந்தால் எதிரே வருகிறவர் கையாலையோடு ஒட்டி நிற்க வேண்டும். எங்களோடு சேர்த்து ஏழெட்டு வீடுகள். காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் கட்டிலும் தலைச்சுமையாகத்தான் உள்ளே வந்தன. அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்துக் காலையில், புட்டுக் குடத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பியவள் அப்படியே சுவரோடு சாய்ந்தாள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது. ஆனால் பெரிய ரோட்டில் நின்றது. அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினோம். இடவழி முழுக்கச் சேறு. நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அவள் பாதி கீழே, பாதி என் கையில். சேலை விலகிற்று. கையாலைக்கு மேல் ஊர் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது, பாவம், பரிதாபத்தோடுதான். அவளுக்கு நினைவு தப்பியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தப்பவில்லை. கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது மகள் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மகளைக் கட்டிக்கொடுத்தது களியக்காவிளையில், ரோட்டோரத்து வீடு. பக்கத்திலேயே கைகால் பயிற்சி கொடுக்கும் இடமும் உண்டு. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வந்ததும் அவள் எனக்குச் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான்: "என்னைத் திரும்பவும் அப்பிடித் தூக்கிட்டுப் போவப்பிடாது. ஆட்டோல இருந்து எனக்க முற்றத்துல எறங்கணும். இல்லேன்னா நான் இஞ்சயே கெடக்கேன்."

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

மகள் என்னையும் அங்கே வந்துவிடச் சொன்னாள். "அப்பா, ரெண்டு பேரும் ரெண்டு இடத்துல என்னத்துக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஜங்ஷனில் உள்ள மாவு மில்லில் எனக்கு வேலை. வீட்டைப் பூட்டிப் போட்டால் சாயங்காலம் விளக்கேற்ற ஆளில்லை. அதை விடவும், நான் வீட்டை விட்டு வந்துவிட்டால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்று எனக்குப் பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்து வருவேன்.

மில்லிலிருந்து வந்தால் நான் தலை முதல் கால் வரை மாவாக இருப்பேன். அவள் இருந்த நாளில் என்னை நடையிலேயே நிறுத்தித் தோர்த்துத் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். தட்டும்போது கொஞ்சம் அடியும் இருக்கும். இப்போது என்னை நிறுத்த ஆளில்லை. நேரே உள்ளே போவேன். விளக்கு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சிமென்ட் தரையில் நடையிலிருந்து பூஜை அறை வரை வெள்ளைக் காலடி. அதைத் துடைத்துவிட்டுத்தான் கஞ்சி குடிப்பேன். போன் செய்தால் அவள் கேட்பாள், "விளக்கு வச்சியளா? கோழிக்கூடு அடச்சியளா?" என்று. பிறகு மெதுவாக, "வழிக்க காரியம் என்னாச்சு?" என்பாள்.

வழிக்காக நான் முதலில் செய்தது, கவுன்சிலரைப் போய்ப் பார்த்தது. எங்கள் வார்டிலேயே பிறந்து வளர்ந்த பெண். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்திருப்பாள். என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போய் ஒரு கட்டை எடுத்து வந்து காட்டினாள். எல்லாம் எங்கள் இடவழிக்கான மனு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கொடுத்தது. சிலர் தங்கள் வீட்டு வாசல் வரைக்கும் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

"மாமா, நான் தனியா நெனச்சா ரோடு வராது" என்றாள். "வார்டு சபையில நீங்க எல்லாரும் வந்து சொல்லணும். வார்டுக்கு வேண்டியதுல எது முதல்லன்னு அங்கதான் எழுதுவாவ. அதை வச்சாக்கும் நகரசபை தீர்மானிக்கும். பின்னே இடமும் விட்டுத் தரணும். ஆளுவளுக்க சொந்த மண்ணுல சர்க்காரு ரோடு போட ஒக்காது."

வார்டு சபை என்றால் வார்டில் ஓட்டுள்ள எல்லாரும் கூடுகிற கூட்டம். கவுன்சிலர் நடத்துவார், நகரசபையிலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் வந்து எழுதிக்கொள்வார். நான் அதுவரை அதற்குப் போனதே இல்லை. எங்கள் பக்கத்து ஆண்களில் போகிறவர்கள் குறைவு. அது அயல்கூட்டம் என்கிற சங்கத்துப் பெண்களின் காரியம் என்று ஒரு நினைப்பு.

அந்த வருஷம் நாங்கள் எல்லாரும் போனோம். பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். வாசலில் ஒரு மேசை, அதில் ஒப்பு போடுகிற புத்தகம். வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டோம். பக்கத்தில் கட்டன் சாயா இருந்தது. குடித்தோம். உள்ளே ஒருவர் நகரசபையின் திட்டங்களைப் பற்றி மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டோம். பிறகு ஒருவருக்குப் பசு கறக்க வேண்டும், ஒருவருக்குக் கடை திறக்க வேண்டும், எனக்கு தீபாராதனை தொழ வேண்டும். எங்கள் வார்டில் அதுதான் வழக்கம். ஒப்பு போட்டால் வந்த காரியம் முடிந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வருவது போல நிம்மதியாகத் திரும்பி வந்தோம். எங்கள் அம்மன் கோயிலான முடிப்புரையில் அம்மன் முன்னால் நின்று, "தாயே, ஒப்பு போட்டாச்சு, இனி நீ பாத்துக்கோ" என்று சொன்னது எனக்கு நன்றாக ஓர்மை உண்டு.

கொஞ்ச நாள் கழித்து வரிசை வெளியே வந்தது. மேற்குப் பக்கத்து ஓடை, லைப்ரரிக்குக் கூரை, தெருவிளக்கு எல்லாம் இருந்தன. எங்கள் இடவழி கடைசியில் எங்கோ கிடந்தது. கடைசியில் கிடப்பதற்கு நகரசபை வந்து சேராது என்று எல்லாருக்கும் தெரியும். நான் கவுன்சிலரிடம் கொஞ்சம் கோபமாகவே போய்க் கேட்டேன், எங்கள் எல்லாருடைய ஒப்பும் புத்தகத்தில் இருக்கிறதே என்று. அவள் தையலை நிறுத்தாமல் சொன்னாள்:

"அந்த ஒப்பு கூட்டம் நடந்ததுக்கு உள்ளது மாமா. ரோட்டுக்கு உள்ளதில்ல. பின்னால குழுகுழுவா பிரிஞ்சிருந்து பேசி, எது முதல்லன்னு கை தூக்கினப்பம் உங்க இடவழிக்கு ஒரு கை இல்ல. ஓடைக்காரங்க அத்தற பேரும் கடைசி வர இருந்தாவ. நான் என்ன செய்யட்டு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவள் மகள் வீட்டு வராந்தாவில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் முன்னால் ஆட்டோவும் லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ரோட்டில் ஒரு முழத்தை வெட்டி எங்கள் ஊருக்குக் கொண்டுபோக முடிந்தால் என்று எனக்குத் தோன்றியது. நடந்ததைச் சொன்னேன்.

"அப்பம் இன்னும் ஒரு வருஷமா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

நல்ல கையால் என் சட்டைத் தோளில் இருந்த மாவைத் தட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று துவைத்துப் போட்ட சட்டை. அதில் மாவே இல்லை.

அதன் பிறகு காரியத்தைக் கையில் எடுத்தது அயல்கூட்டம். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடுகிற சங்கம் அது. என் மனைவியும் அதில் அங்கம். செக்ரட்டரி இடவழியின் முதல் வீட்டுக்காரி. தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவள், வாய் கொஞ்சம் கூர்மை. அவர்கள் கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் பிரார்த்தனை. பிறகு போன வாரம் நடந்ததை எழுதியிருப்பதை எழுந்து நின்று உரக்க வாசிப்பார்கள். எல்லாரும் சரி என்றால்தான் இந்த வாரத்துக் காரியம். மனுக்களை எல்லாம் விட்டுவிட்டு, இடவழிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இடம் விட்டுக் கொடுக்கிறோம் என்று ஒரே தீர்மானமாகப் போட்டு மேலே கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வாரமும் கூட்டம் எந்த வீட்டில் வருகிறதோ அந்த வீட்டில் பேசி சம்மதம் வாங்கினார்கள். எல்லா வீடும் சம்மதித்தது, ஒரு வீடு தவிர.

அது எங்கள் எதிர்வீடு. அங்கே உள்ள மாமா பழைய சைவக் குடும்பத்தவர். அவருடைய மூத்தவர்கள் ராஜா ஆண்ட காலத்தில் அரசுக் கச்சேரியில் எழுத்துவேலை பார்த்தவர்கள். அவரும் சர்க்கார் ஆபீசிலிருந்து பென்ஷன் ஆனவர். மாமி போய்ச் சேர்ந்த பிறகு மகனோடும் மருமகளோடும் இருக்கிறார். மருமகள் அயல்கூட்டத்தில் உண்டு. கூட்டம் அவர்கள் முற்றத்துக்கு வந்த வாரம், யாரும் வாய் திறக்கும் முன்னால் மாமா பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க வந்த காரியம் தெரியும். எனக்க மண்ணுல ஒரு அடி தரமாட்டேன். எழுதிக்கிடுங்க. உங்களுக்குத்தான் எல்லாத்தையும் எழுதுத சீக்கு உண்டே."

"எழுதலாம் மாமா" என்றாள் செக்ரட்டரி. எழுதினாள். அடுத்த வாரம் வேறு வீட்டில், பிரார்த்தனை முடிந்ததும் எழுந்து நின்று, அவருடைய பெயரும் வீட்டுப் பெயரும் சேர்த்து, தமது நிலத்தில் ஓர் அடியும் தர இயலாது என்று கூட்டத்தில் தெரிவித்தார் என்று நல்ல மலையாளத்தில் வாசித்தாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. மாமா நேரே செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கே அரைத்த மாவைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"அதை அடிச்சுக் களை" என்றார்.

"அடிக்க ஒக்காது மாமா. ஒருக்கா எழுதி எல்லாரும் ஒப்பு போட்டா போட்டதுதான். வேற தீர்மானம் வந்தா கீழ எழுதலாம்."

"அப்பம் வாராவாரம் என்னை வாசிச்சு நாற வைப்பியா?"

"போன வாரத்தைத்தான் மாமா வாசிக்கது. உங்க காரியம் இந்த வாரத்தோட தீந்துபோச்சு. ஆனா இப்பம் நீங்க வந்து களையச் சொன்னது உண்டே, அதை இந்த வாரம் எழுதணும். அது அடுத்த வாரம் வரும்."

மாமா என்னைப் பார்த்தார். நான் மாவுச் சாக்கைப் பார்த்தேன்.

"எலே, உனக்க மில்லுல இவளுக்க நாக்கையும் போட்டு அரைக்கப்பிடாதா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னது போலவே அடுத்த வாரம் அது வந்தது. பிறகு அவர் மருமகளை விட்டு ஆட்சேபம் சொல்ல வைத்தார். அதையும் எழுதினார்கள், அதுவும் அடுத்த வாரம் வந்தது. இடவழிப் பெண்களுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா பொல்லாத மனுஷர் இல்லை. ஆனால் அவருடைய கையாலையில் ஒரு அடி குறைந்தால் இடவழி முழுக்க அங்கே நின்றுவிடும். எங்கள் வீட்டு வாசல் அதற்கு அப்பால். என் மனைவிக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஓர் அடிதான்.

அப்படி இருக்கும்போது கூட்டத்தின் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வீட்டில் பெண்பிள்ளை இல்லை, அடுத்த வீட்டுக்குத் தள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். செக்ரட்டரி, "அக்காளுக்க வீட்டை விட்டுப் போவப்பிடாது" என்று சொல்லிவிட்டாள். நான் மில்லிலிருந்து நேரத்தோடு வந்து முற்றத்தைத் தூத்துப் பாய் விரித்தேன். கட்டன் போட்டேன். சீனி கூடிப்போயிற்று என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் குடித்தார்கள். மகளுக்குப் போன் செய்து, என் மனைவியை அதில் பேச வைத்து, போனை ஒரு கவிழ்த்த செம்பின் மேல் நடுவில் வைத்தோம்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது. யாரு எல்லாம் வந்திருக்கிய? எனக்க செடிய யாரும் மிதிக்கப்பிடாது."

"அக்காளுக்கு ஹாஜர் போடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போனுக்கு ஒப்பு போட கை உண்டா பிள்ளே?" என்றாள் செக்ரட்டரி. "லீவுன்னு எழுது. ஆனா பேசலாம். பேசதுக்கு லீவு இல்ல."

பிரார்த்தனை சொன்னார்கள். என் மனைவியின் குரல் போனுக்குள்ளிருந்து கொஞ்சம் பின்தங்கி, மற்றவர்கள் முடித்த பிறகு தனியாக வந்து முடிந்தது. நான் நடையில் தள்ளி நின்றேன். அவள் இல்லாத முற்றத்தில் அவளுடைய குரல் மட்டும் கேட்டபோது எனக்கு நிற்க முடியாமல் உள்ளே போய் அரிசிப் பானையைத் திறந்து மூடினேன்.

போன வாரத்தை வாசித்தார்கள். மாமாவின் ஆட்சேபம் மறுபடியும் வந்தது. கையாலைக்கு அந்தப் பக்கம் மாமா தன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். வாசித்து முடித்ததும் போனிலிருந்து குரல் வந்தது.

"அவரு தரமாட்டேன்னு சொன்னதை எழுதினிய. எதுக்குன்னு யாராவது கேட்டியளா?"

செக்ரட்டரி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"வழியை அளந்தா அந்த அயினி மரம் உள்ள வரும். அது மாமி வச்ச மரமாக்கும். கல்யாணம் கழிஞ்சு வந்த வருஷம், அவளுக்க வீட்டுல இருந்து தைய மடியில வச்சுக் கொண்டு வந்து நட்டது. என்கிட்ட எத்தற தடவ சொல்லியிருக்கா. மண்ணுக்காக இல்ல அவரு சொல்லுதது. அதையும் எழுது, செக்ரட்டரி. பாதி எழுதினா அது பொய்யாக்கும்."

செக்ரட்டரி எழுதினாள். பிறகு வழக்கப்படி எழுந்து நின்று, மரத்தையும் மாமியையும் சேர்த்து வாசித்தாள். மாமியின் பெயரை எழுத்தில் வாசித்துக் கேட்டது அவள் போன பிறகு அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மாமா எங்கள் முற்றத்துக்கு வந்து செம்பின் முன்னால் நின்றார். யாரையும் பார்க்கவில்லை. போனைப் பார்த்து, "மக்கா, நல்லா இரிக்கியா?" என்று கேட்டார்.

"இரிக்கேன் மாமா. நடக்கல்ல. அவ்வளவுதான்."

"மரத்தை வெட்டாம வழி வருமா?"

"வளச்சு எடுக்கலாம் மாமா. எங்க பக்கத்துல இருந்து கூடக் கொஞ்சம் எடுத்துக்கிடட்டு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் முற்றத்தில் ஒரு பங்கை அவள் களியக்காவிளையில் இருந்துகொண்டு கொடுத்துவிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

"தலையாட்டுனா எழுத ஒக்காது அண்ணே" என்றாள் செக்ரட்டரி. "வாயத் தொறந்து சொல்லணும்."

"சம்மதம்" என்றேன். அதையும் எழுதினார்கள்.

அடுத்த வார்டு சபைக்கு நாங்கள் போனது வேறு மாதிரி. அயல்கூட்டத்தின் தீர்மானம் எழுத்தில் முன்கூட்டியே போயிருந்தது. இடவழிக்காரர்கள் எல்லாரும் ஒப்பு போட்டுவிட்டு உள்ளே போய் ஒரே பக்கமாக உட்கார்ந்தோம். மாமா முன்வரிசையில், வேஷ்டி மடிப்புக் கலையாமல். மைக்கில் வாசிப்பு நீண்டுகொண்டே போனது. பசுக்காரர் மெதுவாக எழுந்தார். செக்ரட்டரி வாசல் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தாள்.

"எங்க அண்ணே?"

"பசு கறக்கணும் பிள்ளே."

"பசு பொறுக்கும். போன வருஷம் பசு கறந்துல்லியா இந்த வருஷமும் தலைச்சுமை எடுக்கிய? இரிங்க."

அவர் உட்கார்ந்தார். நானும் வெளியே பார்த்தேன். முடிப்புரையில் தீபாராதனைக்கு மணி அடிக்கிற நேரம். என் பார்வையைக் கண்டு அவள், "அம்மன் எங்கயும் ஓடிப்போவமாட்டா. நாளைக்கும் அங்கதான் இருப்பா" என்றாள். மணிச்சத்தம் கேட்டபோது இருந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டேன்.

குழுவாகப் பிரிந்து உட்கார்ந்தபோது எங்கள் பக்கத்துக்காக மாமா எழுந்து பேசினார். நன்றாக மலையாளத்தில், ஆபீஸ் முறையில், யார் யார் எவ்வளவு விட்டுக் கொடுக்கிறார்கள், எங்கே வழி வளைகிறது, ஏன் வளைகிறது என்று சொன்னார். நகரசபை உத்தியோகஸ்தர் வளைவைப் பற்றிக் கேட்டார், ஆட்டோ திரும்புமா என்று. கூட்டத்திலேயே இருந்த ஓர் ஆட்டோக்காரப் பையன், "நான் ரிவர்ஸ்லயே எடுப்பேன் சாரே" என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். எது முதல் என்று கேட்டபோது எங்கள் வரிசை முழுக்கக் கை உயர்ந்தது. போன வருஷம் ஓடை கிடைத்த மேற்குப் பக்கத்துக்காரர்களும் சிலர் தூக்கினார்கள். அது எனக்கு எதிர்பாராத காரியம். இடவழி முதல் வரிசையில் எழுதப்பட்டது. நகரசபையின் திட்டக் கூட்டத்துக்கு வார்டின் சார்பாகப் போகிறவர்களில் செக்ரட்டரியையும் சேர்த்தார்கள்.

அதோடு ரோடு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நகரசபை கூடித் தீர்மானிக்க வேண்டும். இடம் விட்டுக் கொடுத்த எழுத்துகளை அவர்கள் ஏற்று, இடவழியை நகரசபை வழியாகப் பதிய வேண்டும். ஓவர்சியர் வந்து அளந்தார், பிறகு மறுபடியும் வந்து அளந்தார். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்தபோது மழை. அயல்கூட்டம் ஒவ்வொரு வாரமும் எங்கே நிற்கிறது என்று எழுதி வாசித்தது, தேவைப்பட்டபோது ரெண்டு மூன்று பேர் சேர்ந்து நகரசபைக்கே போய்க் கேட்டார்கள்.

அந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தவை. ஒரு நம்பிக்கையும் இல்லாதபோது ஞாயிற்றுக்கிழமைகள் எப்படியோ போயின. வரும் என்று ஆன பிறகு ஒவ்வொரு வாரமும் நீண்டது. அவளும் அப்படித்தான். கையாலையை எங்கே இடித்தார்கள், வளைவில் எந்தச் செடி போயிற்று, மெட்டல் ஜல்லி இறக்கிவிட்டார்களா என்று கேட்டுக் கேட்டு, நான் சொல்வதிலிருந்தே மனதில் ரோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "நான் இஞ்ச இருந்து தெனமும் ஆட்டோல ஏறுதேன். வளைவு வர வாறேன். அதுக்கு அப்புறம் போவத் தெரியல்ல. நீங்க சரியாச் சொல்லல்ல" என்று என்னிடம் சண்டை பிடித்தாள். அன்றைக்கு வீடு திரும்பி, வளைவிலிருந்து நடை வரை மெதுவாக நடந்து, போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதிரே வந்த மாமா நான் தனியாகப் பேசிக்கொண்டு போவதாக நினைத்து நின்று பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு ஒதுங்கிப் போனார்.

கான்கிரீட் போட்டுக் காய்ந்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். மகளும் மருமகனும் கூட இருந்தார்கள். ரிவர்ஸ்லயே எடுப்பேன் என்று சொன்ன அந்தப் பையன்தான் ஆட்டோ ஓட்டி வந்தான், நேராகவே எடுத்தான். இடவழிப் பெண்கள் எல்லாரும் எங்கள் முற்றத்தில் கூடியிருந்தார்கள். அவளைப் பிடித்து இறக்க யாரும் கை நீட்டவில்லை. வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். பையன் எஞ்சினை அணைத்தான். அவள் ஆட்டோவின் கம்பியை இடது கையால் பிடித்து, இடது காலை முதலில் மண்ணில் வைத்தாள். பிறகு மற்றக் காலைக் கையால் எடுத்து வைத்தாள். எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. நின்றுவிட்டாள். நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தாள்.

"என்னத்துக்கு எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிய? வீட்டுல வேல இல்லியா?" என்றாள்.

செக்ரட்டரிதான் முதலில் அழுதாள். நான் இல்லை.

இப்போது அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பயிற்சிக்கு ஆட்டோ வந்து கொண்டுபோகிறது. முடிப்புரைக்கும் ஆட்டோவில் போய் வெளியே இருந்தே தொழுதுவிட்டு வருவோம். ஆனால் அவளுக்கு ஓர் ஆசை மிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை குளித்து ஈரத்தலையோடு மற்றப் பெண்களுடன் சேர்ந்து நடந்து போய்த் தொழ வேண்டும் என்று. அவர்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் புதிய ரோட்டில் கேட்கும். அவள் ஜன்னலைப் பிடித்து நின்று, சத்தம் பெரிய ரோடு சேர்கிற வரை கேட்பாள். நகரசபையிடம் எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். இந்த ஒன்றைக் கேட்க எங்களுக்கு வேறு சபை இல்லை. தினமும் விளக்கின் முன்னால் நின்று நேரடியாகக் கேட்கிறேன். முதல் வரிசையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரியாது. எழுந்து போகாமல் இருக்கிறேன்.

படிக்கிறவர்கள் இதை வேறு யாரிடமாவது சொல்வதாக இருந்தால், சந்தோஷம், சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியது போலவே சொல்லுங்கள். எந்தக் கட்சி போட்ட ரோடு என்று சேர்க்க வேண்டாம். அற்புதம் என்றும் சேர்க்க வேண்டாம். எதிர்வீட்டு மாமாவைக் கெட்டவராகவோ என்னை நல்லவனாகவோ ஆக்க வேண்டாம். என் மனைவி நடந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவள் இன்னும் நடக்கவில்லை.